ரோமாபுரிப் பேரு

குழந்தையைக் கோகிலாவின் கையில் திணித்துவிட்டு, மாதா கோயில் வாசலுக்கு ஓடினாள் பூவிழி. தருமபுரி பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் அவள் கணவன் அருள்குமார் இல்லை.

"தலைப்புள்ள ஞானஸ்நானத்துக்குக்கூட வரலைன்னா, ஊரு பேசறது நெசந்தான் போல" என்றாள், மூச்சிரைக்க.

ஊர் பேசியது இதுதான்: நிறைமாதக்காரியை விட்டுவிட்டு, பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போன அருள்குமார் அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான்.

"நேத்துக்கூட போன் போட்டேன் அண்ணி. வர முடியாதுன்னுட்டான்" என்றான் கொழுந்தன் சேசுராஜ்.

"எங்கிட்ட மட்டும் ஏன் தம்பி பேச மாட்டேங்கறாரு?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவான்? வுடுங்க. நான் இருக்கேனில்ல."

இருந்தான்தான். பிரசவ ஆஸ்பத்திரிக்கு அலைந்தது அவன். அண்ணன் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுவது அவன். பிள்ளைக்குப் பெயர் பார்த்ததும் அவனே. குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கப் போய், கொஞ்சம் லத்தீனோடு பாதியில் திரும்பியவன்.

"போஸ்துமுஸ். ரோமாபுரிப் பேரு அண்ணி. இந்தச் சுத்துப்பட்டுல எவனுக்கும் இருக்காது."

"பேராப்பா இது? பள்ளிக்கூடத்துல போஸ்டாபீசுன்னு கூப்புடுவானுங்க!" ஞானத்தாயாக நிற்க வந்த கோகிலா சிரித்தாள்.

மணி அடித்தது. உள்ளே நின்ற சாமியாரைப் பார்த்ததும் சேசுராஜின் நடை தடுமாறியது.

"பழைய சாமி இல்லியா?"

"மாத்தலாகிப் போயிட்டாரு. இவரு ரோமுலயே படிச்சவராம்" என்றாள் கோகிலா.

"அண்ணி... பேசாம அந்தோணின்னே வெச்சிடலாமா?"

"இப்ப வந்தா சொல்றது?" பூவிழி முறைத்தாள்.

புதுச் சாமியார் குழந்தையின் பக்கம் குனிந்தார். "பிள்ளைக்கு என்ன பேரும்மா?"

"போஸ்துமுஸ், சாமி."

அவர் கை அப்படியே நின்றது. முகத்தில் இரக்கம் படர்ந்தது.

"தகப்பன் செத்த பிறகு பிறக்கிற பிள்ளைக்கு அந்தக் கால ரோமருங்க வெச்ச பேரும்மா இது. பொருத்தம் பார்த்துத்தான் வெச்சிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் எப்பம்மா தவறினாரு?"

பூவிழி மெல்லத் திரும்பினாள். சேசுராஜின் கண்கள் வாசலைத் தேடிக்கொண்டிருந்தன.

"சாமி கேக்கறாரில்ல... சொல்லுடா, எப்ப?"