பாதயாத்திரை லீவு

"யாரைக் கேட்டு சார் மெர்சிக்கு லீவு குடுத்தீங்க?"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்தார் டிசைன் ஹெட் கோபிநாத். கையில் ஒரு லீவு லெட்டர், பாதி கசங்கிய நிலையில்.

கோதண்டராமன் ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு ஹெச்.ஆர். மேனேஜராக வந்து மூன்றே நாள்தான் ஆகிறது. முதல் நாள் மேஜையில் குவிந்து கிடந்த அறுபது லெட்டர்களிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருந்தார். புது இடத்தில் நல்ல பெயர் வாங்க அதைவிடச் சுலபமான வழியை அவர் இதுவரை கண்டதில்லை.

"ஏன் சார், கோயிலுக்குத்தானே போறாங்க?"

"வேளாங்கண்ணிக்கு சார்! அதுவும் பாதயாத்திரை! இதோ பாருங்க" என்று லெட்டரின் தலைப்பு வரியை விரலால் குத்திக் காட்டினார். "இதுக்கு மேல படிக்க எனக்குத் தெம்பில்ல. அவ்ளோ தூரம் நடந்தா அவ இன்னாத்துக்கு ஆவா? வெள்ளிக்கிழமை ஜெர்மனி பையர் வர்றான். இருபத்திரண்டு மாடல் காட்டணும். அவ இல்லாம ஒண்ணுகூட பாஸ் ஆகாது!"

கோதண்டராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! என்ன போஸ்ட்ல இருக்காங்க?"

"டிசைன் அசிஸ்டெண்ட். நாலு வருஷமா."

"அவங்க இல்லாம ஒண்ணும் நடக்காதுங்கறீங்க. நாலு வருஷமா அசிஸ்டெண்ட்டாவே வெச்சிருக்கீங்களா?"

கோபிநாத் பின்னந்தலையைச் சொறிந்தார். அதற்குள் மெர்சியே வந்துவிட்டாள். ஒல்லியான பெண். கக்கத்தில் ஒரு தடித்த நோட்டு.

"நிக்காதம்மா! உக்காரு, உக்காரு" என்று பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார் கோபிநாத். பேசும்போதும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினார். திறமைக்கு இவ்வளவு மரியாதையா என்று கோதண்டராமனுக்குப் புல்லரித்தது.

"மெர்சிம்மா, ஏ.சி. கார் போட்டுத் தர்றேன். ஜம்முனு போய்ட்டு வா. நடக்க மட்டும் நடக்காத."

"வீட்டு வேண்டுதல் சார். மாதாகிட்ட சொன்னா சொன்னதுதான்."

"அப்படி இன்னா வேண்டுதல்?"

"நான் டிசைனர் ஆகணும்னு."

நோட்டை மேஜைமேல் வைத்தாள். கோதண்டராமன் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பெண்களுக்கான செருப்புகள், ஷூக்கள். ஒன்றில் குடியாத்தம் லுங்கியின் கட்டத்தை அப்படியே தோல் வாரில் பின்னியிருந்தாள். ஜெர்மனிக்காரி மாட்டிக்கொண்டு நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவருக்கே ஒன்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக ஆசையாக இருந்தது.

"இதை யார்கிட்டயும் காட்டலியாம்மா?"

"கோபிநாத் சார் டிராயர்ல மூணு வருஷமா இருந்துச்சு சார். போன மாசம்தான் கேட்டு வாங்கினேன்."

கோபிநாத் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "நான் நடக்கலைன்னா எனக்கு இன்னா சார் செய்வீங்க?"

கோதண்டராமனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ! ஜி.எம்.முக்கு போன் போட்டார். "சார், நம்ம மெர்சி வேளாங்கண்ணிக்கு நடந்து..." என்று ஆரம்பிக்கும்போதே மறுமுனையில் அலறல் கேட்டது.

"அய்யய்யோ! என்ன கேக்கறாளோ குடுத்துடுங்க!"

பத்தே நிமிடத்தில் ஆர்டர் தயார். இன்று முதல் மெர்சி டிசைனர். அவளுடைய நோட்டிலிருந்து மூன்று மாடல்கள் பையர் முன்னால் வைக்கப்படும். கோபிநாத் மூச்சுக்கூட விடாமல் கையெழுத்துப் போட்டார்.

மெர்சி அதை இரண்டு முறை படித்தாள். கண் கலங்கிவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ் சார். சத்தியமா நான் நடக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை அணைத்துக்கொண்டு போனாள்.

"இப்படி ஒரு மூளையைப் பூட்டி வெச்சிருந்தீங்களே!" என்றார் கோதண்டராமன், ஒரு மேதையைக் கண்டெடுத்த பூரிப்பில்.

"மூளையா?" கோபிநாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கால் சார், கால்! லேடீஸ் சாம்பிள் எல்லாம் முப்பத்தேழாம் நம்பர்லதான் போடுவோம். போட்டு நடந்து காட்டணும், எங்க கடிக்குதுன்னு சொல்லணும். இந்த ஃபேக்டரியில ஆயிரத்து நூறு பொம்பளைங்க காலை அளந்தாச்சு. ஒரு மில்லிமீட்டர் ஜாஸ்தி கம்மி இல்லாம அச்சா பொருந்தறது மெர்சி கால் ஒண்ணுதான். அது வீங்கிப் போச்சுன்னா அத்தனை மாடலும் டைட்டுன்னு பையர் தள்ளிட்டுப் போய்டுவான். பேஜார்!"

அவர் போன பிறகு கோதண்டராமன் காற்றுப் போன பலூனாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அந்த லுங்கிக் கட்டச் செருப்பு அசத்தல்தான், அதில் சந்தேகமில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

மேஜைமேல் லீவு லெட்டர் கிடந்தது. 'ரத்து' என்று எழுதி ஃபைலில் போட்டுவிடலாம் என்று கசங்கலை நீவினார். தலைப்புக்குக் கீழே அவரும் இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார்:

'ஐயா, நான் டிசைனர் ஆக வேண்டுமென்று வேண்டிக்கொண்டு பத்து நாளாக நடந்து போய்க்கொண்டிருக்கும் என் தந்தை இருதயராஜ், வரும் புதன்கிழமை வேளாங்கண்ணி சேருகிறார். அவரை ரயிலில் கூட்டி வர எனக்கு மூன்று நாள் விடுப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'