இதர பலன்

உண்ணிப் பட்டை கம்பெனி பலன் கேட்டுக் கொடுத்திருந்த படிவத்தைக் கால்நடை மருத்துவர் கமலக்கண்ணன் எடுத்து வைத்துக்கொண்டார். எதிரே அஞ்சம்மாள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவள். பதினைந்து நாளைக்கு முன்பு கறுப்பன் என்ற நாய்க்கென்று, கழுத்தில் கட்டும் அந்த மருந்துப் பட்டையை வாங்கிப் போயிருந்தாள்.

"பட்டை எப்படிம்மா வேலை செய்யுது?"

"நூத்துக்கு நூறு, டாக்டர். இன்னும் அஞ்சு குடுங்க."

"அஞ்சா? ஒண்ணே மாசக்கணக்கா வருமே. கறுப்பன் மேல இப்ப உண்ணியே இல்லையா?"

"காதுக்குள்ள இருக்கு டாக்டர். முன்னைக்குப் பாதி கொறஞ்சிருக்கு."

"பாதி கொறஞ்சதுக்கா நூத்துக்கு நூறு?"

"வெள்ளிக்கிழம காலையில நாய் புடிக்கிற வண்டி வந்துடுச்சு. சுருக்கு போட வந்த ஆளு கறுப்பன் கழுத்துல பட்டையைப் பாத்தான். 'வீட்டு நாய்டா, உடு'ன்னுட்டுப் போய்ட்டான். மத்த அஞ்சும் படகுக்கு அடியில பூந்து தப்பிச்சிதுங்க. எப்பவும் தப்பிக்குமா?"

"அப்போ கறுப்பன் உங்க வீட்டு நாய் இல்லையா?"

"எனக்கு ஏது டாக்டர் நாய்? மீன் கழுவுற எடத்துல கெடக்குதுங்க, ஆறும்."

கமலக்கண்ணன் ஐந்து பட்டைகளை எடுத்து அவள் கூடையில் வைத்தார்.

"ரெண்டு விரல் நுழையற அளவுக்குக் கட்டுங்க. இறுக்கிடாதீங்க."

அவள் போனதும் படிவத்தை நிரப்பினார். 'உண்ணி நீங்கியது' என்ற இடத்தில் 'பாதி' என்று எழுதினார். 'இதர பலன்' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'உயிர்' என்று எழுதினார்.