வைக்கோல் லாரிக்குப் பின்னால்

சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. செங்கோட்டை சாலையில், தார்ப்பாய்க்கு அடங்காத வைக்கோலோடு ஒரு லாரி பாதையை அடைத்துக்கொண்டு ஊர்கிறது. பின்னால் புதுக் காரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் இசக்கிதுரை ஹாரனை விடாமல் அழுத்துகிறார். சர்வீஸ் முழுக்க ஜீப்பின் இடப்பக்கம் உட்கார்ந்து போனவர். ஓட்டியது டிரைவர், ஒதுங்கியது ஊர். "நம்ம வண்டின்னு தெரியலையோ அவனுக்கு?" என்கிறார். கண்ணாடியில் ஒட்டும் துரும்புகளை வைப்பர் அங்குமிங்கும் இழுக்கிறது. "தெரிஞ்சா மட்டும், எதுக்க வாரவன் சல்யூட் அடிச்சு ஒதுங்குவானாக்கும்? பின்னாலயே போங்க," என்கிறாள் மனைவி ஜெயசித்ரா. அவள் கை சீட் பெல்ட்டை இறுக்குகிறது. அவர் லாரியை முந்த வலப்பக்கம் ஏறுகிறார். வளைவிலிருந்து பஸ் விளக்குகள் இரண்டும் நேராக வந்து பெரிதாகின்றன. "ஏங்க!" பிரேக் அலறுகிறது. கார் வழுக்கியபடி லாரிக்குப் பின்னால் ஒடுங்க, பஸ் உரசாத குறையாகக் கடந்து போகிறது. அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டதைப் பார்த்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சாலை நேராகிறது. லாரியிலிருந்து ஒரு கை நீண்டு, முந்திப் போகச் சொல்லி அசைகிறது. "போகச் சொல்லுதான்," என்கிறாள் மெதுவாக. "சொல்லட்டும்," என்கிறார் இசக்கிதுரை, இன்னும் கொஞ்சம் பின்தங்கி.