அட்டைக் காசோலை

மூன்று மணி நேரம் காத்திருந்தும் பத்தாவது மாணவி வரவில்லை. மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் ஓர் அறக்கட்டளையின் இரண்டாம் ஆண்டுக் கல்வி உதவித்தொகை விழா. சென்ற ஆண்டின் அதே மாணவிகளுக்குப் பெரிய அட்டைக் காசோலைகள் பத்து இருந்தன. வாங்க மேடையில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

அறக்கட்டளை மேலாளர் பார்த்திபன் எரிந்து விழுந்தார். "ஓசியில படிக்க வெக்கிறோம். வந்து நின்னு போட்டோ எடுத்துக்கக்கூட வலிக்குது இதுங்களுக்கு!"

எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த சீருடைப் பெண்ணை அவசரமாகக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, இந்தச் சால்வையப் போத்திகினு மேடையில நில்லு. அட்டையப் புடிச்சிகினு சிரி. பேரு கேட்டா, நெம்மேலி துர்காதேவின்னு சொல்லு. ஐந்நூறு ரூபா தரேன்."

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள்.

அறக்கட்டளைத் தலைவர் மைக்கை நீட்டினார். "படிப்பெல்லாம் எப்பிடிப் போவுதும்மா?"

"போவல சார். போன வருசம் போட்டோ எடுத்ததும் அட்டையத் திருப்பி வாங்கிகினீங்க. எங்க யாருக்கும் பணம் வரல. இவங்கல்லாம் கடன் வாங்கிக் கட்னாங்க. எங்க வூட்ல முடியல. காலேஜ வுட்டுட்டு இங்க தட்டு கழுவுறேன். நெம்மேலி துர்காதேவி நான்தான் சார்."