வாயில் நுழையாத பேர்

“சாப்பிட வர்றேன். ஆனா, அந்தப் புள்ளயப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது.”

இந்த நிபந்தனையோடுதான் சுப்புலட்சுமி மகன் ரித்தீஷுடன் கிளம்பினாள்.

‘அந்தப் புள்ள’ அஸ்ஸாமிலிருந்து வந்தவள். ரித்தீஷ் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். கட்டினால் அவளைத்தான் என்று தீபாவளிக்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். அம்மா இன்னும் பிடி கொடுக்கவில்லை.

அந்த லாவோஸ் சாப்பாட்டுக் கடை ராயபுரத்தில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. நாலே மேசைகள். விளக்குகளைக் குறைத்து வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிலா வந்திருந்தது. புரியாத பாட்டு ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே தெருவின் சத்தம் வேறு ஏதோ ஊரில் கேட்பது போல் இருந்தது.

“லாவோஸ் எங்கடா இருக்குது?”

“வியட்நாமுக்குப் பக்கத்துலீங்கம்மா.”

“நம்ம ஊட்டுக்குப் பக்கத்துல பிரியாணிக் கடை இருக்குது. அத உட்டுட்டு...”

சிறிய உருவமுள்ள ஒரு பெண் வந்து கைகூப்பினாள். “வாங்க, உட்காருங்க. என் பேரு நோய்ங்க.”

சுப்புலட்சுமி பாதி உட்கார்ந்தபடியே நின்றுவிட்டாள். “என்னது?”

“நோய்ங்க.”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “சின்னம்மிணி! சோறு வெந்துருச்சு, வா கண்ணு!”

“வர்றேனுங்கத்தை!” அவள் ஓடினாள்.

“இவங்க ஊட்டுக்காரர் வேல்குமார் லாவோஸ்ல ஒரு துணிக் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தாருங்கம்மா. அங்கயே பார்த்துக் கட்டிக்கிட்டாரு. கூப்பிட்டது அவரோட அம்மா.”

“பேரைப் பாரு. நோயாம்!” என்று சிரிக்கப் போனவள், சட்டென்று முகம் மாறினாள். “ஆனாலும் அந்த மாமியாளுக்கு எவ்வளவு தைரியம் பாரு. பெத்தவங்க வெச்ச பேரைப் புடுங்கிட்டு, இஷ்டத்துக்கு ஒண்ணு வெச்சிருக்கா. கடல் தாண்டி வந்த புள்ளைக்குப் பேருகூட மிஞ்சலையே!”

சின்ன மூங்கில் கூடையில் ஒட்டும் சோறு வந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்து நிலவொளியில் கலைந்தது. கூடவே புதினாவும் எலுமிச்சையும் கலந்த கோழிக் கொத்துக்கறி, இடித்த பப்பாளிக்காய்.

“பப்பாளிக்காயா? பச்சையாவா?”

“சாப்பிட்டுப் பாருங்கம்மா. சோத்தைக் கையில உருட்டி, கறியைத் தொட்டுக்கணும்.”

“களி உருண்டையாட்டமா?”

உருட்டினாள். தொட்டாள். வாயில் போட்டாள். காரமும் புளிப்பும் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டாள். கை தானாகவே அடுத்த உருண்டையை உருட்டியது.

“ஜோனாலி ஊர்லயும் இப்படி ஒட்டற சோறு உண்டுங்கம்மா.”

கண் திறந்தது. “பேச்சு எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“பேரைத்தானுங்க சொன்னேன்.”

“வாயில நுழையாத பேரு. எனக்கு அவ ‘அந்தப் புள்ள’தான்.”

ரித்தீஷ் சோற்றை உருட்டினான்.

உள்ளேயிருந்து குரல் கொடுத்த மாமியார் பூவாத்தாள் இன்னொரு கூடையோடு வந்தாள். “சாப்பாடு எப்படியிருக்குதுங்க அம்மிணி?”

“சாப்பாடு நல்லாத்தான் இருக்குதுங்க.” சுப்புலட்சுமியால் அடக்க முடியவில்லை. “தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணுக்குன்னு ஒரு பேரு இருக்கறப்ப, நீங்க வேற பேரு வெக்கலாமுங்களா?”

“வேற பேரு இல்லீங்களே.”

“அப்புறம்?”

“வந்த புதுசுல நானும் முழிச்சேனுங்க. ஊட்டுக்கு வந்த மருமகளை ‘நோய், நோய்’னு எப்படிக் கூப்பிடறது? சாபமாட்டம் இருக்குமே. அதான் மகனை உட்டு, ‘உன்ற பேருக்கு அர்த்தம் என்ன கண்ணு’ன்னு கேக்கச் சொன்னேன். அவங்க பாஷையில ‘சின்னது’ன்னு அர்த்தமாமுங்க. அவங்கம்மா கூப்பிட்டதையேதான் நானும் நம்ம பாஷையில ‘சின்னம்மிணி’ன்னு கூப்பிடறேன். அப்படிக் கூப்பிடட்டுமான்னு அவகிட்டயும் கேட்டேன். அன்னைக்குத்தான் இந்த ஊட்டுல முதல்முதலாச் சிரிச்சா.”

பூவாத்தாள் கூடையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

சுப்புலட்சுமியின் கையில் உருண்டை அப்படியே இருந்தது. பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. அதுவும் புரியவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கண்ணு...”

“சொல்லுங்கம்மா.”

“ஜோ... ஜோனாலின்னா, அவங்க பாஷையில என்ன அர்த்தம்?”

ரித்தீஷ் நிமிர்ந்து பார்த்தான். மூங்கில் கூடைமேலும், மேசைமேலும், அம்மாவின் கைமேலும் விழுந்து கிடந்ததைக் காட்டினான்.

“இதுதானுங்கம்மா. நிலா வெளிச்சம்.”

அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதையா நான் வாயில நுழையாதுன்னேன்?”