இருபத்து நான்கு சாவிகள்

லேத்துக்காரரின் மனைவி காவல் நிலையத்துக்குப் போன் செய்து பதினொரு நாளும் இருபது மணி நேரமும் ஆகியிருந்தன.

அவள் முதல் வரிசையில் இருந்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக.

நகராட்சிக் கூட்ட அறையில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தோம். எழுபது பேர் வந்திருந்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் வார்டு உறுப்பினர், காவல் ஆய்வாளர். மேசையின் ஓரத்தில், குறிப்பு எழுத நான்.

பேசுவதற்கு இரண்டு விஷயங்கள். பழைய நகராட்சிக் குடியிருப்பில் அடுத்த கட்டடத்தை எப்போது இடிப்பது. கடைசிக் குடும்பம் போகிற வரைக்கும் ரோந்து உண்டா, இல்லையா.

பேசுகிறவர் முதலில் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் குறிப்பேட்டில் ஏறும்.

"சி கட்டடம், பதினெட்டு" என்று அவள் எழுந்தாள்.

அடுத்து இடிக்க வேண்டியது சி கட்டடம்தான். இருபத்து நான்கு வீடுகள். காலி செய்கிறவர்கள் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாச் சாவிகளும் வந்ததும், கட்டடத்தில் ஆள் இல்லை என்று காவல் நிலையத்துக்குக் கடிதம் போகும். ரோந்து நிற்கும்.

லேத்துக்காரர் வீட்டுக்கு மாதக் கடைசி வரை அவகாசம் இருந்தது. மாற்று வீட்டில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

அவள் போன் செய்த அன்று மாலை ஏழு மணிக்குக் காலி வீடுகளில் குழாய் திருட நான்கு பேர் வந்தார்கள். சத்தம் கேட்டு லேத்துக்காரர் மாடிப்படியில் இறங்கினார். அவர்கள் அவரைப் படியில் தள்ளிவிட்டு ஓடினார்கள்.

"ஸ்டேஷன்ல 'அங்க யாரும் இல்லையேம்மா, விளையாடாதீங்க'ன்னு போனை வெச்சுட்டாங்க. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவைதான் நம்புனாங்க. வண்டி வர அம்பத்திரண்டு நிமிஷம். அவருக்கு அவ்வளவு நேரம் இல்ல."

அவள் அழவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நான் உள்ள இருக்கும்போதே, நான் இல்லன்னு சொன்னது யாரு?"

ஆய்வாளர் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் அலுவலகக் கடிதம்.

உறுப்பினர் தொண்டையைச் செருமினார். சாவிகள் எண்ணப்பட்டதாகவும், இருபத்து நான்கும் சரியாக இருந்ததாகவும் சொன்னார்.

"இருக்கற மனுஷன எண்ணத் தெரியல, இரும்ப எண்ணிருக்காங்க!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முப்பது வருடம் வீடு வீடாக மின்சாரக் கணக்கு எடுத்தவர். எல்லாருக்கும் அவர் மீட்டர் அண்ணன்.

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

லேத்துக்காரரின் மனைவி பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தாள். கடிதத்தின் மேல் வைத்தாள்.

"என் சாவி இதோ எங்கிட்ட இருக்கு. அப்புறம் எப்படிங்க இருபத்து நாலு?"

சாவியின் தலையில் 18 என்று வெட்டியிருந்தது. என் இடத்திலிருந்தே தெரிந்தது.

 

நடு வரிசையில் இஸ்திரிக்கடை அக்கா மெல்ல எழுந்தாள். சி கட்டடம், பதினேழு. பத்தொன்பது வருடம் லேத்துக்காரர் வீட்டுக்கு எதிர்வாசல்.

"நாங்க... நாங்க ரெண்டு குடுத்தோம். எங்க வீட்டுக்காரரு திங்கக்கிழமை ஒண்ணு குடுத்தாரு. எங்கிட்ட இருந்தத மறுநாள் நான் கொண்டுபோய்க் குடுத்தேன். இனிமே அது நம்ம வீடு இல்லையே, சாவி மட்டும் நமக்கு எதுக்குன்னு..."

அவள் கை வாய்க்குப் போனது.

"ஐயோ. அப்போ என்னாலயா?"

"நீ உக்காரும்மா, வாங்கிப் போட்டவனுக்கு இல்லாத அறிவா உனக்கு?" என்றார் மீட்டர் அண்ணன். அவள் உட்காரவில்லை. லேத்துக்காரரின் மனைவி திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இன்னும் வரவில்லை. வந்துகொண்டிருந்தது.

உறுப்பினர் மூச்சை விட்டார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். குடியிருக்கறவங்க தரப்புல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. குறிப்புல ஏத்திக்கோம்மா."

'சி கட்டடம், பதினேழு' என்று எழுதினேன்.

அதற்கு மேல் பேனா நகரவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் எதையும் மூன்று முறை அளக்கச் சொல்வார்கள். மூன்று முறையும் ஒரே விடை வந்தால் அது சரியான விடை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம். இந்த மேசையில், தண்ணீர் வேண்டுமா சார் என்று கேட்டதைத் தவிர நான் வாய் திறந்ததில்லை.

எழுந்து நின்றேன். சொன்னேன்.

"கேக்கலம்மா, சத்தமா சொல்லு" என்றார் மீட்டர் அண்ணன்.

இஸ்திரிக்கடை அக்காவைப் பார்த்தேன். பிறகு முதல் வரிசையைப் பார்த்தேன்.

"அக்கா மேல தப்பில்ல. எல்லாச் சாவிலயும் நம்பர் வெட்டியிருக்கு. மூணு தடவை எண்ணியும் ஒரு தடவைகூட அதைப் பாக்கல. எண்ணினது நான்தான்."