எறங்காதீங்க

'டேங்க் உள்ள எறங்குன ஆளு மேல வரல. கூப்ட்டா கொரல் இல்ல. நானும் எறங்கறேன்.'

திரையில் அவ்வளவுதான் இருந்தது. பேர் இல்லை, எந்தக் கம்பெனி என்று இல்லை, எப்போது அனுப்பியது என்றும் இல்லை.

எண்ணூர் பக்கம் டேங்குக்குள் விஷவாயுவில் மயங்கி விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவன்தான் அடுத்து விழுவான். அவனைத் தூக்க இன்னொருத்தன். அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் இறங்குவார்கள். கூட வேலை செய்தவன் உள்ளே கிடக்கும்போது மேலே நின்று வேடிக்கை பார்க்க அவர்களுக்கு வராது.

மாயா 'எறங்காதீங்க' என்று அடித்து அனுப்பினாள்.

அனுப்பினாள் என்று சொல்வதே தப்பு. அது குலுக்கலில் போய் விழுந்தது.

குலுக்கல் என்பது அவர்கள் வலையின் புது முறைக்கு அவள் வைத்த பேர். எண்ணூர் ஆலைகளுக்குள் நடக்கிற அக்கிரமத்தைத் தொழிலாளிகள் பேர் சொல்லாமல் வெளியே சொல்ல ஒரு செய்தி வலை. ராயபுரத்தில் ஐஸ் கடைக்கு மேலே இருக்கும் இந்த அறையில்தான் அவளும் அவள் தோழி மெஹ்னாஸும் அதைக் கட்டி வளர்த்தார்கள்.

பழைய முறையில் செய்தி அனுப்பின கையோடு வந்துவிடும். அதில்தான் அவள் புருஷன் ஜெயவேல் மாட்டினான். கழிவுநீரைப் பற்றி டீ நேரத்தில் அவன் எழுதியது அப்போதே எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் நேரத்தோடு ஏறிவிட்டது. அந்த நேரத்தில் போனும் கையுமாக நின்றது யார் என்று சூப்பர்வைசர் யோசித்தான், பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு எண்ணூரில் எந்த ஆலைக் கேட்டும் ஜெயவேலுக்குத் திறக்கவில்லை. இப்போது பெரம்பூரில் பெயிண்ட் அடிக்கப் போகிறான்.

அந்த ஆத்திரத்தில் மாயா எழுதிய புரோகிராம்தான் புது முறை. வழியில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் செய்திகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீட்டுப் பிடிக்கிற வீட்டில் பேர் எழுதி டப்பாவில் குலுக்குவது போலக் குலுக்கி, கைக்கு வந்ததை, தோன்றியபோது வெளியே விடும். முதலில் போட்டது கடைசியில் வரலாம். நேரம் அடியோடு அழிந்துவிடும். நடுவில் யாரும் கைவைக்க முடியாது, எழுதிய மாயாவாலும் முடியாது.

அவசரத்துக்கு மட்டும் தனியாக ஒரு வழி விடலாம் என்று மெஹ்னாஸ் கெஞ்சிப் பார்த்தாள். தனி வழியில் போகிறவன் தனியாகத் தெரிவான், இன்னொரு ஜெயவேல் மாட்டுவான் என்று மாயா மறுத்துவிட்டாள். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. இன்று காலைதான் புது முறை எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த செய்தி வந்தது.

'கயிறு கேட்டுகீறேன். எடுத்தாறாங்க.'

இது பின்னால் எழுதியது என்றால் ஆள் இன்னும் மேலேதான் நிற்கிறான். முன்னால் எழுதியது என்றால் கயிறு வரும்வரை பொறுக்காமல் இறங்கிவிட்டான். மாயா இரண்டு செய்தியையும் மாற்றி மாற்றிப் படித்தாள். எத்தனை தரம் படித்தும் எது முதல் என்று தெரியவில்லை.

மெஹ்னாஸ் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். எந்த இடம் என்றார்கள். எண்ணூர் என்றாள். எண்ணூரில் எங்கே என்றார்கள்.

மாயா ஜெயவேலைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்து டேங்கெல்லாம் அவனுக்கு அத்துப்படி, இந்த இரண்டு செய்தியைப் படித்துக் காட்டினாலே எந்த ஆலை என்று ஒரு யோசனையாவது சொல்வான். மணி போய்க்கொண்டே இருந்தது. சாரத்தில் ஏறி நின்றுவிட்டால் அவன் எடுக்க மாட்டான். மறுபடி கூப்பிட்டாள். எடுய்யா, எடுய்யா என்று வாய்விட்டுக் கெஞ்சினாள்.

அவளுடைய 'எறங்காதீங்க' இன்னும் குலுக்கலில்தான் கிடந்தது. தலைகீழாக நின்றாலும் அது முந்திப் போகாது. செய்தி முந்திப் போகக்கூடிய ஓட்டை ஒவ்வொன்றையும் அவளே தேடித் தேடி அடைத்திருந்தாள். அதில் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தான் எழுதியதையே இப்போது துழாவினாள். ஒன்றும் தப்பவில்லை. வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மூன்றாவது செய்தி வந்தது.

'கரி யார்டுக்குப் பின்னால கீற கம்பெனி, மூணாவது டேங்க். பேரு போடக் கூடாதுன்னு என் பொண்டாட்டி சொல்லிகீறா. போட்டாத்தான் நம்புவீங்க. ஜெயவேல். வேற ஒருத்தன் பாஸ்ல உள்ள வந்துகீறேன். பெயிண்ட் வேலைன்னு சொல்லிட்டு வந்தேன், மெஹ்னாஸ், மாயாவாண்ட சொல்லாதீங்க.'

அவள் கையிலிருந்த போனில் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

மெஹ்னாஸ் அந்த இடத்தைத் தீயணைப்பு நிலையத்துக்குப் படபடவென்று சொன்னாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு மாயாவின் பக்கம் திரும்பினாள்.

"எப்ப எறங்குனாருன்னு கேக்கறாங்கடி."

மாயா திரையைப் பார்த்தாள். செய்திகளுக்குப் பக்கத்தில் நேரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே, அவள் அனுப்பிய 'எறங்காதீங்க' இன்னும் காத்துக்கொண்டிருந்தது.